குறுகிய கால ஒப்பந்தத்திற்கு ஏற்ற நிறுவன அமைப்பு
வடசென்னை அனல்மின் நிலையத்திலும் மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் பராமரிப்புக் காலத்தில் மட்டும் வெல்டிங், சாரம் கட்டுதல் போன்ற பணிகளை எடுக்கும் எண்ணூர், திருவொற்றியூர் ஒப்பந்ததாரருக்கு, தொழிலும் உரிமையாளரும் சட்டத்தின் முன் ஒன்றாகவே கருதப்படும் தனியுரிமை அமைப்பே பெரும்பாலும் போதும். எனினும் இழப்பு நேர்ந்தால் சொந்த வீடும் சேமிப்பும் அதற்குப் பொறுப்பாகும் என்பதால் காப்பீடு அவசியம். இருவர் சேர்ந்து நடத்தும் கூட்டாண்மையைப் பதிவு செய்யாமல் விடுவது பெருந்தவறு; ஏனெனில் 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, பதிவில்லாத கூட்டாண்மை, பணம் தராத நிறுவனத்தின் மீது ஒப்பந்த அடிப்படையில் வழக்குத் தொடர இயலாது; நிலுவைத் தொகையை நம்பியே கூலி கொடுக்கப்படும் இத்தொழிலில் அந்த உரிமை இன்றியமையாதது. பங்குதாரரின் பொறுப்பை முதலீட்டளவோடு நிறுத்தும் எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) அமைப்போ, வேலையே கிடைக்காத ஆண்டிலும் கணக்கறிக்கை தாக்கலைக் கோருவதால், ஒற்றை ஒப்பந்தத்திற்குச் சுமையாகிவிடும்.