தன்னம்பிக்கையும் தேர்வு முடிவும்

காரைக்கால்மேட்டுக் கரையில் வளர்ந்த இளைஞர் ஒருவர், கொண்டல் எப்போது வீசும், வலையை எவ்விடத்தில் இறக்கலாம் என்பவற்றைத் தயக்கமின்றிக் கூறுவார். அவரே காரைக்கால் நகரில் கல்லூரி வகுப்பில் எழுந்து நின்று ஒரு வினாவுக்கு விடையளிக்கக் கூசுவதுண்டு. கடலில் இருந்த துணிவு கரையேறியதும் எங்கே போயிற்று?

இதற்கு விடை காண உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா துணைபுரிகிறார். 1977இல் அவர் விளக்கிய கருத்தைத் தமிழில் 'தன்திறன் நம்பிக்கை' எனலாம். எதுவும் என்னால் முடியும் என்னும் பொதுவான பெருமிதம் அன்று அது. இந்தச் செயலை என்னால் செய்து முடிக்க இயலும் என்று ஒருவர் தம்மைப் பற்றிக் கொள்ளும் கணிப்பு. ஆதலின் அது துறைக்குத் துறை வேறுபடும். நம் மேடைப் பேச்சாளர்கள் பலர் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை. தன்னம்பிக்கையை ஒரே குடத்து நீராக எண்ணி எல்லார் தலையிலும் ஊற்றிவிட்டுச் செல்கின்றனர்.

நமக்கு அண்மையிலுள்ள குடந்தையே இதற்குச் சான்று பகரும். கணிதமேதை இராமானுசன் 1904இல் உதவித்தொகையுடன் குடந்தை அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தில் அவர் கொண்டிருந்த நம்பிக்கைக்கு அளவில்லை. ஆயினும் பிற பாடங்களைப் புறக்கணித்தமையால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் அவர் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1918இல் இராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கிக் கொண்டது என்பது உண்மையே. எனினும், தேறாத மாணவர் அனைவரும் இராமானுசனைத் துணைக்கழைப்பது பொருந்தாது!

அங்ஙனமாயின் ஆளுமையின் பங்கு யாது? ஆளுமையை ஐந்து பெருங்கூறுகளாகப் பகுப்பது உளவியலார் மரபு. அவற்றுள் பொறுப்புணர்வு, அதாவது ஒழுங்கும் விடாமுயற்சியும் சேர்ந்த இயல்பே, கல்வித் தேர்ச்சியோடு மிக நெருங்கியது என்பதை ஆர்தர் பொரோபட் 2009இல் வெளியிட்ட தொகுப்பாய்வு காட்டியது. கலகலப்பாகப் பழகும் இயல்புக்கு அத்தகைய பங்கில்லை. கூச்சமுள்ள பிள்ளையைக் கண்டு பெற்றோர் கலங்க வேண்டியதில்லை.

2012இல் ரிச்சர்ட்சன் குழுவினர் 1997 முதல் 2010 வரையிலான ஆய்வுகளிலிருந்து 241 தரவுத் தொகுதிகளைத் திரட்டிப் பல்கலைக்கழக மாணவரின் தேர்ச்சியை ஆராய்ந்தனர். 'இத்துணை மதிப்பெண் பெறுவேன்' என்னும் குறிப்பான நம்பிக்கையே மதிப்பெண்ணோடு மிகுதியும் ஒத்துச் சென்றது. அதன் தொடர்புக்கெழு 0.59. 'நான் படிப்பில் வல்லவன்' என்னும் பொது நம்பிக்கையின் அளவு 0.31 மட்டுமே. ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. முன்னரே நன்கு எழுதியவருக்கே அத்தகைய நம்பிக்கை எளிதில் பிறக்கும். நம்பிக்கை மதிப்பெண்ணைத் தந்ததா, மதிப்பெண் நம்பிக்கையைத் தந்ததா என்பதை இவ்வெண் ஒன்றைக்கொண்டே துணிய இயலாது. இரண்டும் மாறிமாறி ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதே என் கருத்து.

ஆயின் தொடக்கம் எங்கே? செய்து முடித்த செயலே நம்பிக்கையின் வலிய ஊற்று என்பார் பண்டூரா. இராமேசுவரக் கடற்கரையில் பிறந்த அப்துல் கலாம், சென்னைத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் விமான வடிவமைப்புப் பணியொன்றில் பின்தங்கினார். பேராசிரியர் சீனிவாசன் மூன்றே நாள் தவணை கொடுத்தார். தவறினால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். இரவுணவையும் விடுத்துக் கலாம் வரைபடத்தை முடித்தார். 1999இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே இதனைக் குறித்துள்ளார். அங்கே அவருக்குக் கிடைத்தது ஊக்கவுரை அன்று. கடினமான, ஆனால் முடிக்கத்தக்க ஒரு வேலை. எல்லா மாணவரும் இத்தகைய நெருக்கடியைத் தாங்குவர் என்பதற்கில்லை. முதல் மாதத்திலேயே சிறு தேர்வொன்று வைத்து, பிழைகளைக் குறித்து, ஒரு வாரத்திற்குள் தாளைத் திருப்பித் தந்தாலே பலருக்குப் போதும்.

பண்டூரா கூறும் மற்றோர் ஊற்று, தம்மையொத்த ஒருவர் வெல்வதைக் காணுதல். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவிக்கு வீட்டில் அத்தகைய முன்மாதிரி இராது. அதே ஊரில் பட்டம் பெற்ற அக்காள் ஒருவர் மாலையில் ஒரு மணி நேரம் அவளுடன் அமர்ந்து, தாம் தவறவிட்ட தாளை மறுபருவத்தில் எவ்வாறு எழுதித் தேறினார் என்று சொல்லலாம். அந்தப் பழைய விடைக் குறிப்பேட்டையும் உடன் கொண்டுவருதல் நலம்.