வலி நின்றால் ஆடலாமா?

கேள்வி: வாலிபால் ஆடும்போது கணுக்கால் பிசகியது. மூன்று வாரத்தில் வலி போய்விட்டது. இனியும் பிசியோதெரபி எதற்கு?

பதில்: வலி நின்றது நல்லதுதான், கால் தேறிவிட்டது என்பதற்கு அது சான்று அல்ல. பாதம் உள்பக்கம் மடங்கும்போது கணுக்காலின் வெளிப்புற லிகமென்ட் கிழிகிறது. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அதில் இருக்கின்றன. வீக்கம் வடிந்தபின்னும் அந்த உணர்வு மந்தமாகவே இருப்பதுண்டு. துள்ளி இறங்கும் கணத்தில் தசை தாமதமாக விழித்தால் கால் மறுபடி பிசகும். சமநிலைப் பயிற்சி செய்த வீரர்களிடம் இது கணிசமாகக் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஓய்வே போதும் என்பார்கள். முதல் சில நாட்களுக்கு அது சரி. அதற்குமேல் ஓய்வு தசையை மெலியச் செய்யும். கிரெப் பேண்டேஜ் வீக்கத்தை அடக்கலாம், இழந்த உணர்வை மீட்காது. சுவரருகே வெறுங்காலுடன், பிசகிய காலில் மட்டும் 30 விநாடி நின்று பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு. மற்றக் காலைவிட அதிகம் தள்ளாடினால் இன்னும் களத்துக்கு நேரமாகவில்லை. குதிகால் உயர்த்தல், தலையணைமேல் நிற்றல், ஒற்றைக்கால் தாவல் என்று பிசியோதெரபிஸ்ட் படிப்படியாகக் கூட்டுவார். தயவுசெய்து அதை முடித்துவிட்டே ஆடப் போங்கள்.