புது டிசைன் பிறக்க வேண்டுமா? கைவேலை செய்பவர்களுக்கு 17 குறிப்புகள்

ஆரி ஸ்டாண்டில் துணியை இழுத்துக் கட்டியாயிற்று. நூலும் மணியும் கையருகே தயார். என்ன டிசைன் போடுவது என்று மட்டும் தோன்றவில்லை. ஆரி வேலை, டெரகோட்டா நகை, குரோஷா, பட்டுநூல் வளையல், துணிப்பை என்று வீட்டிலிருந்தே கைவேலை செய்யும் எல்லோருக்கும் இந்தத் தேக்கம் வந்து போகும். யோசனை வந்த பிறகு உட்காரலாம் என்று தள்ளிப்போட்டால் வாரக்கணக்கில் ஓடிவிடும். கண்ணுக்குத் தீனியும் கைக்கு வேலையும் தினமும் கொடுத்து வந்தால் யோசனை தன்னால் வரும். அதற்கான வழிகளில் பாதிக்கு மேல் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

கண்ணுக்குத் தீனி

1. பீரோவைத் திறங்கள்: புது டிசைன் என்றதும் செல்போனை எடுக்கிறோம். அதில் நமக்கு வரும் படம்தான் ஊரில் மற்றவர்களுக்கும் வருகிறது. அம்மா, பாட்டி, அத்தையின் பழைய பட்டுப்புடவைகளை எடுத்து, கரையையும் முந்தியையும் நிதானமாகப் பாருங்கள். கோபுரம், ருத்ராட்சம், மயில்கண், தாழம்பூ ரேக்கு, மல்லிமொக்கு, இருதலைப்பட்சி என்று காஞ்சி நெசவாளர்கள் கோயிலிலும் தோட்டத்திலும் கண்டதையெல்லாம் தறிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், பழைய புடவைகளின் கரைகளையும் நிறங்களையும் தேடிப் பிடித்துத்தான் தம் நெசவுக்கூடத்தில் மறுபடி நெய்யச் செய்தார். நீங்களும் ஒரு கரையிலிருந்து ஒரே ஒரு உருவத்தை எடுத்து, ஒரு முழுத்தாள் அளவுக்குப் பெரிதாக வரைந்து பாருங்கள். பெரிதாக்கிய மல்லிமொக்கு ஒன்றே ஜாக்கெட் கைக்குப் போதுமான டிசைன் ஆகிவிடும்.

2. கோலநோட்டை ஊசிக்குக் கொண்டுவாருங்கள்: சிக்குக் கோலம் ஆரி வேலைக்கென்றே பிறந்தது போலப் பொருந்தும். 7 புள்ளி, 4 வரை, ஊடுபுள்ளிக் கோலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளுக்கு நடுவே அரை அங்குலம் விட்டால், ஓரத்துக் கம்பியையும் சேர்த்து முழுக் கோலமும் சுமார் மூன்றரை அங்குல அகலத்துக்குள் அடங்கும். ஜாக்கெட்டின் முதுகுப் பக்கத்துக்கு அது சரியான அளவு. புள்ளி வரும் இடத்தில் ஒரு முத்து. கம்பி வரும் இடத்தில் ஜரிகை நூலில் சங்கிலித் தையல். கம்பி புள்ளியைத் தொடாமல் சுற்றி வருவதால் முத்து மறையாது. ஒரே கம்பியில் முடியும் கோலமாக இருந்தால், நூலை அடிக்கடி வெட்டி முடிச்சுப் போடும் வேலையும் குறையும். முதலில் கட்டம் போட்ட தாளில் வரைந்து, பிறகு டிரேசிங் பேப்பருக்கு மாற்றுங்கள். சென்னை கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி போன்றவர்கள் 1970களிலேயே கணினி அறிவியலுக்காக ஆராய்ந்த அளவுக்குக் கணக்கும் ஒழுங்கும் உள்ளவை நம் கோலங்கள். பாட்டியின் கோலநோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

3. சொம்பிடம் கேள்வி கேளுங்கள்: அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி, இந்திய அரசின் அழைப்பில் வந்து 1958இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அவர்கள் இங்கே பார்த்தவற்றிலேயே மிக அழகானது என்று வியந்து எழுதியது நம் சொம்பைத்தான். எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், இடுப்பில் வைத்தால் எப்படி நிற்கும், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே விழும், ஊற்றும்போது நீர் எப்படி வரும், தேய்க்கக் கை உள்ளே போகுமா என்று அடுக்கடுக்காகக் கேட்டு, அந்த வடிவத்தின் அருமையை அவர்கள் காட்டினார்கள். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாக அந்த அறிக்கை வழிகாட்டியது. அடுத்த முறை துணிப்பை தைக்கும் முன் இதே மாதிரி ஐந்து கேள்வி எழுதுங்கள்: யார் தூக்குவார்? தோளிலா, கையிலா? உள்ளே என்ன வைப்பார்? நிறைந்தால் எந்தத் தையல் இழுபடும்? எப்படித் துவைப்பார்? ஐந்துக்கும் பதில் எழுதி முடிக்கும்போது பையின் அளவும், பிடியின் நீளமும், உள்பையின் இடமும் முடிவாகியிருக்கும்.

4. மொட்டைமாடியும் கொல்லையும் போதும்: இங்கிலாந்தின் வில்லியம் மாரிஸ், தம் தோட்டத்தில் ஸ்ட்ராபெரி திருட வந்த பறவைகளைப் பார்த்து 1883இல் ஒரு துணி டிசைன் போட்டார். இன்றும் அது அச்சாகி விற்கிறது. நம் வீட்டுக் கொய்யாவைக் கடிக்க வரும் அணிலும், முருங்கைப் பூவும், கருவேப்பிலைக் கொத்தும் அதற்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. கருவேப்பிலை ஈர்க்கில் இலைகள் எப்படி மாற்றி மாற்றி வருகின்றன என்று பார்த்து வரைந்தால், கழுத்தைச் சுற்றி ஓடும் ஒரு கொடி கிடைத்துவிடும்.

5. நிறத்தைக் காய்கறிக் கூடையில் தேடுங்கள்: வெங்காயச் சருகு, கத்தரிப்பூ, மாந்துளிர், கிளிப்பச்சை, மயில்கழுத்து, அரக்கு என்று நாம் நிறத்துக்கு வைத்த பெயர்களே பார்த்த பொருளிலிருந்து வந்தவை. கத்தரிக்காயின் ஊதாவையும் காம்பின் பச்சையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இயற்கை சேர்த்துவைத்த ஜோடி அது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை நீளமாக வெட்டி, அந்த நிற நூல்களை அதில் சுற்றி வையுங்கள். ஒரு நிறம் அதிகமாக, இன்னொன்று அதில் பாதி, மூன்றாவது பொட்டளவு என்று சுற்றினால் கண்ணுக்கு இதமாக இருக்கும். ட்யூப்லைட்டில் நிறம் மாறித் தெரியும். பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

6. ஒரே சதுரத்தை நான்காகத் திருப்புங்கள்: செட்டிநாட்டு வீடுகளின் ஆத்தங்குடிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டுச் செய்கிறார்கள். கண்ணாடிதான் அதன் வழவழப்புக்குக் காரணம். டிசைனுக்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. சில வகைகளில் ஒரு கல்லில் கால்பங்கு பூதான் இருக்கும். நான்கு கல்லைத் திருப்பிச் சேர்த்தால் முழுப்பூ விரியும். சதுரத்தாளின் ஒரு மூலையில் ஏதாவது வளைவு வரைந்து, நான்கு பிரதி எடுத்து, விதவிதமாகத் திருப்பிச் சேர்த்துப் பாருங்கள். மேஜை விரிப்பு, தலையணை உறை, குரோஷா சதுரம் எல்லாவற்றுக்கும் இந்த முறை கைகொடுக்கும்.

7. போட்டோ எடுப்பதைவிட வரையுங்கள்: கோயிலுக்குப் போனால் ஒரே ஒரு தூண், முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுக்கோ எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ போனால் ஒரே ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முன் பத்து நிமிடம் நின்று கோணல்மாணலாகவாவது வரையுங்கள். வரைந்தது கைக்குப் பழகிவிடும். கேமராவில் எடுத்தது பெரும்பாலும் போனிலேயே கிடக்கும்.

8. போனில் சேமிக்கும் படத்துக்குக் காரணம் எழுதுங்கள்: பிடித்த படத்தைச் சேமிக்கும்போது எது பிடித்தது என்று ஒரு வரி குறியுங்கள். நிறமா, வடிவமா, வெற்றிடம் விட்ட அழகா? காரணம் தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும் எடுத்து உங்கள் பாணியில் செய்யலாம். கற்றுக்கொள்ள நகல் எடுப்பதில் தவறில்லை. அடுத்தவர் டிசைனை அப்படியே செய்து விற்பது தவறு.

கைக்குப் பழக்கம்

9. நீங்களே ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள்: கடையில் உள்ள எல்லா நிறமும் கையில் இருந்தால் மனம் குழம்பும். நீலகிரியின் தோடர் பெண்கள் பூவேலை செய்யும் பூத்துக்குளிச் சால்வையைப் பாருங்கள். வெளிர் நிறப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும்தான் நூல். படம் வரைந்துகொள்வதில்லை, துணியின் இழைகளை எண்ணியே பூ போடுகிறார்கள். இந்தச் சிறிய எல்லைக்குள் செய்த வேலைதான் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு வாரத்துக்கு இரண்டே நிறம், ஒரே தையல் என்று முயன்று பாருங்கள். மூன்றாம் நாளிலேயே புதிதாக ஏதாவது தோன்ற ஆரம்பிக்கும்.

10. பிட்டுத் துணிக்கு ஒரு டப்பா: மீந்த துண்டுகளை உள்ளங்கை அளவு, அதைவிடப் பெரிது, வெறும் கரை என்று மூன்றாகப் பிரித்து வையுங்கள். வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைத்ததுதான் காந்தா. நெசவுக் கலைஞர் அன்னி ஆல்பர்ஸ், 1940 வாக்கில் ஹார்டுவேர் கடை வாஷரையும் ஹேர்பின்னையும் கோர்த்து நெக்லஸ் செய்து கண்காட்சிக்கே வைத்தார். புதிதாக வாங்கும் முன், வீட்டில் இருப்பதை மட்டும் வைத்து ஒரு பொருள் செய்து பாருங்கள்.

11. தினமும் பதினைந்து நிமிடம்: சமையல் முடிந்த பிறகோ, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகோ, ஒரே நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரிய வேலை வேண்டாம். ஒரு இலை, ஒரு வரிசை குரோஷா, ஒரு ஜோடி ஜிமிக்கிக் குடை போதும்.

12. அடுத்த வேலையை எடுத்து வைத்துவிட்டு எழுங்கள்: ஆரியில் நூலை முடிச்சிட்டு நிறுத்தாவிட்டால் தையல் பிரிந்துவிடும். முடிச்சைப் போட்டுவிட்டு, அடுத்த இதழுக்கான மணியையும் நூலையும் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். மறுநாள் எங்கே தொடங்குவது என்ற தயக்கமே இருக்காது. குழந்தைகள் உள்ள வீட்டில் ஊசியை மட்டும் மூடி போட்ட டப்பாவில் வைக்க மறக்காதீர்கள்.

13. ஒரே நோட்டு: டிசைன் படம், நூல் துணுக்கு, துணித்துண்டு, செலவு, ஆன நேரம் எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரே நோட்டில் ஒட்டியும் எழுதியும் வையுங்கள். ஆறு மாதம் கழித்து, யோசனை வற்றிப்போன ஒரு நாளில், உங்கள் நோட்டே உங்களுக்கு எடுத்துக் கொடுக்கும்.

மனசுக்குத் தெம்பு

14. பண்டிகைக்கு முன்கூட்டியே தொடங்குங்கள்: தேதி இருந்தால் கை வேகம் பிடிக்கும். கொலுவுக்கான பொம்மை அலங்காரத்தையும் தாம்பூலப் பைகளையும் ஆடியிலேயே ஆரம்பியுங்கள், பொங்கலுக்கானதைக் கார்த்திகையில். கடைசி வாரத்தில் ஆர்டர் குவியும்போது புதிதாக யோசிக்க நேரம் இருக்காது.

15. உங்கள் உழைப்புக்கு விலை போடுங்கள்: “நூல் காசு கொடுத்தால் போதும்” என்று சொல்லிச் சொல்லியே பலர் ஆர்வம் இழந்து வேலையை நிறுத்திவிடுகிறார்கள். பொருள் 220 ரூபாய், நான்கு மணி நேர வேலை மணிக்கு 80 என்று 320 ரூபாய், பேக்கிங் 30 ரூபாய் என்றால் விலை 570. இந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொண்டு தயங்காமல் சொல்லுங்கள். சொந்தக்காரர்களுக்குச் சலுகை கொடுப்பது உங்கள் விருப்பம்; ஆனால் உழைப்பின் மதிப்பு என்ன என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும், அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

16. சரியாக வராததைத் தூக்கிப் போடாதீர்கள்: கோபத்தில் பிரித்தால் துணி கிழியும். ஒரு பெட்டியில் போட்டு மூடி, ஒரு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். குறை எங்கே என்று அப்போது தெளிவாகத் தெரியும். கண் எரிந்தாலும் முதுகு வலித்தாலும் அன்றைய வேலையை நிறுத்துங்கள். களைத்த கண்ணுக்கு எந்த டிசைனும் அழகாகத் தெரியாது.

17. வயதைக் காரணம் சொல்லாதீர்கள்: இங்கிலாந்தில் மேரி டெலனி என்ற அம்மையார், கணவரை இழந்தபின், எழுபது வயதைத் தாண்டித்தான் வண்ணக் காகிதத்தை வெட்டிப் பூக்கள் செய்ய ஆரம்பித்தார். சிவப்புக் காகிதத் துண்டு ஒன்றும் ஜெரேனியம் பூவின் இதழும் ஒரே நிறத்தில் இருந்ததைக் கவனித்ததுதான் தொடக்கம். கண்பார்வை மங்கும்வரை அவர் செய்த 900க்கும் மேற்பட்ட காகிதப் பூக்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ‘இனிமேல் கற்று என்ன ஆகப்போகிறது’ என்று சொல்லும் அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் இதைச் சொல்லுங்கள். கூடவே ஒரு ஊசியையும் நூலையும் கையில் கொடுங்கள்.

எல்லாக் குறிப்புகளையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த வாரத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதைச் செய்து முடித்ததும் நோட்டில் எழுதுங்கள்; கைவேலை செய்யும் ஒரு தோழியிடமும் காட்டுங்கள். அடுத்த வாரம் இன்னொன்று. தினமும் கொஞ்சம் பார்த்து, தினமும் கொஞ்சம் செய்பவர்களுக்கு டிசைன் பஞ்சம் வராது.