பட்டியலுக்குள் பட்டியல்: ஒன்றைத் திருத்தினால் மூன்றும் மாறுவது ஏன்?

பைத்தான் பாடத்தில் பட்டியலுக்குள் பட்டியல் வரும்போது பல மாணவர்கள் தடுமாறுகிறார்கள். அதனால் இப்பகுதியைக் கணினிக்கு முன் கரும்பலகையில் நடத்துகிறேன்.

மூன்று மாணவர்களின் தமிழ், கணக்கு மதிப்பெண்களை இப்படி எழுதுவேன்:

[[72, 65], [58, 81], [90, 47]]

எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால், இரண்டாம் மாணவரின் கணக்கு மதிப்பெண் [1][1] என்னும் இடத்தில் உள்ளது. முதல் எண் மாணவரையும் அடுத்த எண் பாடத்தையும் குறிக்கும். இது பிடிபட்டால், 81-ஐ 85 ஆகத் திருத்துவது எளிது.

அடுத்து, பாடவாரியாக மாற்றச் சொல்வேன்:

[[72, 58, 90], [65, 85, 47]]

பத்தாம் வகுப்புக் கணக்கில் படித்த நிரை நிரல் மாற்று அணிதான் இது. [2][0]-இல் இருந்த 90, [0][2]-க்கு வந்திருப்பதை மாணவர்களே கண்டு சொல்வார்கள்.

இனிதான் கவனம் தேவை. வெற்று மதிப்பெண் பட்டியல் உருவாக்க, மாணவர்கள் [[0, 0]] * 3 என்று எழுதுவார்கள். அச்சிட்டால் சரியாகவே தெரியும். முதல் மாணவரின் தமிழுக்கு 72 என இட்டதும் மூவருக்கும் 72 விழும்! கணினி தவறு செய்துவிட்டது என்பார்கள். அப்போது விடையைச் சொல்லாமல் ஒரு செயல்பாடு தருவேன்.

மூன்று மாணவர்களிடம் மூன்று துண்டுச்சீட்டுகள். மூன்றிலும் 'மேசை மேல் உள்ள நீல நோட்டு' என்றே இருக்கும். ஒருவர் நோட்டில் 72 எழுதுவார். மற்ற இருவரும் தங்கள் சீட்டின்படி போய்ப் பார்த்தால் அதே 72. வெளிப்பட்டியல் வைத்திருப்பது நோட்டுகளை அல்ல, சீட்டுகளை. * குறி பெருக்கியதும் சீட்டுகளைத்தான் என்பது அப்போது விளங்கும்.

தீர்வையும் அவர்களே சொல்வார்கள்: மூவருக்கும் தனித்தனி நோட்டு. அதாவது, மடக்கின் ஒவ்வொரு சுற்றிலும் புதிய [0, 0] உருவாக்கி வெளிப்பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மதிப்பீட்டுக்கு இரு வினாக்கள்:

1. * குறியால் உருவாக்கிய பட்டியலில், [0] என்னும் இடத்தில் [72, 65] என்ற புதிய பட்டியலையே வைத்தால் மற்றவை மாறுமா? (மாறாது, ஒரு சீட்டு மட்டுமே மாறுகிறது.)

2. பாடவாரிப் பட்டியல் தயாரான பின், மூலப் பட்டியலில் 47-ஐ 57 ஆகத் திருத்தினால் அதிலும் மாறுமா? (மாறாது, எண்கள் புதிய நோட்டில் எழுதப்பட்டுவிட்டன. மீண்டும் உருவாக்க வேண்டும்.)

இவ்விரண்டுக்கும் காரணத்தோடு விடை சொல்லும் மாணவர், நிரலை மனப்பாடம் செய்யவில்லை, புரிந்துகொண்டார் என்று நம்பலாம்.