கேட் மூடியிருக்கான்னு சிக்னலுக்குத் தெரியுமா?

ரயில்வே கேட்டில் ரெண்டு வகை உண்டு. ரோட்டிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இன்டர்லாக்கிங் உள்ள கேட்டில், தடுப்பு இறங்கிப் பூட்டு விழுந்தால்தான் ரயிலுக்குப் பச்சை சிக்னல். நம்ம லேப்ல பார்த்த அண்ட் கேட் மாதிரிதான்.

இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில் எல்லாமே போன் பேச்சு. ரயில் வருதுன்னு ஸ்டேஷன் மாஸ்டர் சொல்வார். மூடிட்டேன்னு கேட் கீப்பர் ஒரு ரகசிய எண் சொல்வார். தடுப்பு நிஜமாவே இறங்குச்சான்னு சிக்னலுக்குத் தெரியாது. 2025 ஜூலை 8-ல் கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 3 மாணவர்கள் இறந்தது இப்படிப்பட்ட கேட்டில்தான்.

அதுக்கப்புறம், இன்டர்லாக்கிங் போடுவதற்கான டிவியு வரம்பை 20,000-லிருந்து 10,000 ஆகக் குறைச்சாங்க. டிவியுன்னா, ஒரு நாள் ரயில் எண்ணிக்கையை வண்டி யூனிட்டால் பெருக்கி வர்றது. அந்தக் கணக்குல ஒரு ஸ்கூல் வேன் வெறும் ஒரு யூனிட்.