வடவானில் ஒரு வெண்புகைத் திட்டு

ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு வடக்கு நோக்கி நிற்போமாயின், அடிவானத்துக்கும் தலையுச்சிக்கும் இடையே, பாதிக்குச் சற்று மேலாக, மங்கலான வெண்புகைத் திட்டு ஒன்று தென்படும். தோட்டங்களில் பெரட்டுக்குப் புறப்படும் நேரம் அது. பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் எத்தனையோ வைகறைகளில் அதன்கீழே நடந்து சென்றிருப்பர். நெற்றியில் கட்டிய விளக்கின் ஒளியில் பாதையையும் மரத்தையும் பார்த்தார்களேயன்றி, அண்ணாந்து நோக்க அவர்களுக்கு ஏது ஓய்வு?

அந்தத் திட்டின் பெயர் ஆண்ட்ரோமெடா. நமது சூரியன் அடங்கிய பால்வீதியைப் போலவே கோடானுகோடி விண்மீன்களைக் கொண்டு சுருள் வடிவில் சுழலும் விண்மீன்திரள் அது. பெரிய சுருள் திரள்களுள் நமக்கு மிக அருகில் இருப்பதும் அதுவே. ஆனால் வானநூலார் "அருகில்" என்று சொல்லும்போது நாம் சற்று எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். ஒளி ஓராண்டில் செல்லும் தொலைவு ஏறத்தாழ 9.5 இலட்சம் கோடி கிலோமீட்டர்; அதனையே ஓர் ஒளியாண்டு என்கிறோம். ஆண்ட்ரோமெடா உள்ள தொலைவோ ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு! இன்று நம் கண்ணில் படும் அதன் ஒளி, ஆப்பிரிக்காவில் ஆதிமனித இனத்தவர் கல்லைத் தட்டிக் கருவி செய்யத் தொடங்கியிருந்த காலத்தில் அங்கிருந்து புறப்பட்டதாகும்.

மாணவர்களே! இத்திரளை வானில் கண்டுகொள்ளும் முறையையும், அது இன்னதென்று நிழற்படத்தின் வாயிலாக மனிதன் அறிந்த வரலாற்றையும், நாமே அதனைப் படமெடுக்கும் வகையையும் இங்குக் காண்போம்.

கோயிலில் அர்ச்சனை செய்யும்போது பெயரும் நட்சத்திரமும் கூறுகிறோம். பூரட்டாதி, உத்திரட்டாதி என்று கூறுவோருள் பலர் அவை வானில் எங்கே உள்ளன என்பதை அறியார். பூரட்டாதி இரண்டு விண்மீன்கள். உத்திரட்டாதி இரண்டு விண்மீன்கள். நான்கும் சேர்ந்து, கட்டிலின் நான்கு கால்களைப் போல, ஒரு பெரிய சதுரமாக அமைந்துள்ளன. மேலே கூறிய வேளையில் அச்சதுரம் தலையுச்சிக்குச் சற்று வடமேற்கே நிற்கும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் வானில் ஏறத்தாழ 10 பாகை. சதுரத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை முட்டி நீளம் இருக்கும்.

சதுரத்தின் கிழக்குப் பக்கத்து இரண்டும் உத்திரட்டாதி. அவற்றுள் வடக்கே உள்ள விண்மீனிலிருந்து புறப்படுங்கள். வடக்கு நோக்கி நிற்கும் நமக்கு வலப்புறமாகவும் சற்றுக் கீழாகவும் ஒன்றரை முட்டி சென்றால், இலேசான செந்நிறம் கொண்ட மிராக் என்னும் விண்மீன் கிட்டும். அங்கிருந்து வடக்கு அடிவானம் இருக்கும் பக்கமாகத் திரும்பினால், அடுத்தடுத்து இரண்டு மங்கிய விண்மீன்கள். இரண்டாவதன் இடப்பக்கத்தை ஒட்டியே நமது வெண்திட்டு உள்ளது. வழி சரிதானா என்று ஐயம் எழுந்தால், அதற்கும் கீழே 'எம்' என்னும் ஆங்கில எழுத்தைப் போல ஐந்து விண்மீன்கள் நிற்பதைப் பார்த்து உறுதி செய்து கொள்ளலாம்.

வைகறையில் எழ இயலாதவர்கள் டிசம்பர் முதல் வாரத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பார்த்தால், திரள் அதே இடத்தில் நிற்கும். அம்மாதத்து மழைமேகம் வழிவிட வேண்டும், அவ்வளவே. நிலவில்லாத இரவாக இருத்தல் அவசியம். ஆடி அமாவாசையின் வைகறை இதற்கு மிகவும் ஏற்றது. தீபாவளியும் அமாவாசையை ஒட்டியே வருவதால், அன்று இரவு பதினொரு மணியளவில் ஆண்ட்ரோமெடா வடவானில் உயர்ந்து நிற்கும்; பட்டாசுப் புகை அடங்கும்வரை காத்திருந்தால் காணலாம். சிறுவர்கள் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். இருட்டில் பாம்பு பூச்சி நமக்காக ஒதுங்கி நிற்பதில்லை.

வெளியே வந்தவுடன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை வேண்டும். அதற்குள் யாரேனும் கைப்பேசியை எடுத்து ஒளிரவிட்டால், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மற்றொரு நுட்பமும் உண்டு. மங்கலான ஒளியை நேரே உற்று நோக்கினால் அது மறையும். சற்று விலகிப் பக்கத்தில் பார்த்தால் தோன்றும். நம் விழித்திரையின் நடுப்பகுதி நிறங்களையும் நுண்ணிய பொருள்களையும் காண வல்லது. மங்கிய ஒளியை உணரும் அணுக்களோ அந்நடுவைச் சூழ்ந்த பகுதியிலேயே மிகுதியாக உள்ளன. ஆகவே கடைக்கண்ணால் பார்ப்பதே இங்குச் சிறந்த பார்வையாகும்!

பாரசீக நாட்டு வானநூல் அறிஞர் அல்-சூஃபி கி.பி. 964-ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில் இதனை ஒரு "சிறுமேகம்" என்று குறித்துள்ளார். 1612-ல் ஜெர்மானியரான சைமன் மாரியஸ் தொலைநோக்காடி வழியே பார்த்து, மெல்லிய கொம்புத்தகட்டின் ஊடே தெரியும் மெழுகுவத்திச் சுடருக்கு ஒப்பிட்டார். 1764-ல் பிரான்சு நாட்டு மெஸ்ஸியே தம் பட்டியலில் இதற்கு 31 என்ற எண்ணைக் கொடுத்தார். இன்றும் இதனை எம்31 என்று அழைப்பது அதனால்தான். இவர்களும் இவர்களுக்குப் பின் வந்தோரும் எத்தனை நேரம் உற்று நோக்கியும், மேகம் மேகமாகவே இருந்தது. கண் எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. வினாடிக்குள் வந்ததைக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

நிழற்படத் தகடோ அவ்வாறன்று. பால்மரத்தில் கட்டிய மங்கினை நினைத்துப் பாருங்கள். வெட்டிய கோட்டின் வழியே பால் சொட்டுச் சொட்டாகத்தான் வடிகிறது. ஒரு சொட்டைப் பார்ப்பவருக்கு அது ஒன்றுமில்லை. சில மணி நேரம் சென்று வந்து பார்த்தால் மங்கு நிறைந்திருக்கிறது. தகடும் அவ்வாறே ஒளியைச் சொட்டுச் சொட்டாக வாங்கிச் சேமிக்கும்.

இதனைச் செய்து காட்டியவர் ஐசக் ராபர்ட்ஸ். வேல்ஸ் நாட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் கட்டட வேலை பயின்று, அத்தொழிலிலேயே பொருளீட்டியவர் அவர். பொருளையும் ஓய்வையும் வானத்துக்கே செலவிட்டார். பூமி சுழல்வதால் விண்மீன்கள் மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டேயிருக்கும் அல்லவா? அந்நகர்வைத் தொடர்ந்து, 20 அங்குலக் கண்ணாடி பொருத்திய தம் தொலைநோக்காடியையும் மெல்ல நகர்த்தி, 1888 டிசம்பரில் நான்கு மணி நேரம் தகட்டில் ஒளியை விழச் செய்தார். தகட்டைக் கழுவி எடுத்தபோது, நடுவிலே ஒளிமிக்க கரு. அதனைச் சுற்றிச் சாய்வாக வளைந்து செல்லும் கரங்கள். அவற்றினிடையே கருந்தூசிப் பட்டைகள்! அல்-சூஃபியின் சிறுமேகம் சுருள் வடிவம் கொண்டது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

வடிவம் தெரிந்தது, தொலைவு தெரியவில்லை. புதிதாக ஒரு சூரிய குடும்பம் உருவாகும் காட்சி இதுவெனக் கருதினோர் அன்று பலர். பால்வீதியே பிரபஞ்சம் முழுவதும் என்றால், இச்சுருள் அதற்குள் கிடக்கும் ஒரு புகைச்சுழல். பால்வீதிக்கு வெளியே இது தனித்திரள் என்றால், பிரபஞ்சம் நினைத்ததைவிடப் பன்மடங்கு பெரிது. 1920 ஏப்ரல் மாதம் வாஷிங்டனில் ஹார்லோ ஷேப்லி முதற் கருத்தின் பக்கமும், ஹீபர் கர்டிஸ் இரண்டாவதன் பக்கமும் நின்று வாதிட்டனர். இருவர் கையிலும் முடிவான சான்று இல்லை.

சான்றுக்கு வேண்டிய அளவுகோலை ஹார்வர்டு வானாய்வகத்தில் பணிபுரிந்த ஹென்ரியெட்டா லெவிட் என்னும் அம்மையார் முன்னரே கண்டறிந்திருந்தார். செவிப்புலன் குன்றிய அவர், நாள்தோறும் நிழற்படத் தகடுகளை ஒப்பிட்டு, ஒளி கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன்களைத் தேடுபவர். அவற்றுள் ஒருவகை விண்மீன் எவ்வளவு நீண்ட காலமெடுத்து மாறுகிறதோ, அவ்வளவு மிகுதியான உண்மை ஒளி உடையது என்று 1912-ல் வெளியிட்டார். இதன் பயனை ஒரு விளக்கைக்கொண்டு விளங்கிக் கொள்ளலாம். வீட்டு வாசலில் எரியும் விளக்கின் உண்மை ஒளி நமக்குத் தெரியும். இருமடங்கு தொலைவில் நின்றால் அதன் ஒளி நான்கில் ஒன்றாகத் தோன்றும். மும்மடங்கில் ஒன்பதில் ஒன்றாகும். ஆகவே உண்மை ஒளியும் தோற்ற ஒளியும் தெரிந்தால், நடந்து சென்று அளக்காமலே தொலைவைக் கணக்கிடலாம்.

அத்தகைய விண்மீன் ஒன்று ஆண்ட்ரோமெடாவில் அகப்பட வேண்டும். கலிபோர்னியாவின் வில்சன் மலையில் அன்று உலகிலேயே மிகப் பெரியதாக விளங்கிய 100 அங்குலத் தொலைநோக்காடியில் எட்வின் ஹப்பிள் படமெடுத்து வந்தார். 1923 அக்டோபர் 5-6 இரவில் எடுத்த தகட்டில், திடீரென ஒளிர்ந்து அடங்கும் விண்மீன் என்று கருதி ஒரு புள்ளியின் அருகே 'என்' என்னும் ஆங்கில எழுத்தைக் குறித்தார். பழைய தகடுகளுடன் ஒப்பிட்டபின், அக்குறியை அடித்துவிட்டு, "மாறும் விண்மீன்" என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தை எழுதி ஒரு வியப்புக்குறியும் இட்டார். 31 நாளில் மாறும் விண்மீன் அது. கணக்கிட்டால் ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டு! பால்வீதிக்கு ஷேப்லி கூறிய அளவோ 3 இலட்சந்தான். இம்முடிவு 1925 சனவரி முதல் நாளில் வானநூலார் கூட்டத்தில் படிக்கப்பட்டது. லெவிட் அம்மையார் 1921-லேயே மறைந்துவிட்டதால், தம் அளவுகோல் எவ்வளவு தூரம் எட்டியது என்பதை அறியாமலே போனார்.

(அதே மலையில் மில்டன் ஹூமசன் என்பவரும் பணியாற்றினார். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, கோவேறு கழுதைகளின்மேல் பொருள்களை ஏற்றி மலைக்குக் கொண்டு சென்றவர். பின்பு அங்கேயே துப்புரவுப் பணியாளர். இறுதியில் ஹப்பிளுடன் சேர்ந்து விண்மீன்திரள்களை ஆராய்ந்த வானநூலார். தனிக்கட்டுரைக்கு உரியவர்.)

இரண்டாம் உலகப்போரின்போது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் விளக்குகள் அணைக்கப்பட்டன. ஜெர்மனியில் பிறந்தவராதலால் போர்ப்பணிக்கு அழைக்கப்படாத வால்ட்டர் பாடே அவ்விருளைப் பயன்படுத்திக் கொண்டார். 1943-ல், அதுவரை புகையாகவே தெரிந்த ஆண்ட்ரோமெடாவின் நடுப்பகுதியைத் தனித்தனி விண்மீன்களாகப் படத்தில் பிரித்துக் காட்டினார். அந்த ஆய்வின் தொடர்ச்சியாக, மாறும் விண்மீன்களில் இருவகை உண்டென்றும், பழைய தொலைவை இருமடங்காகக் கொள்ள வேண்டுமென்றும் 1952-ல் அறிவித்தார். 1970-ல் வேரா ரூபின், கென்ட் ஃபோர்டு ஆகியோர் அளந்தபோது, திரளின் விளிம்புப் பகுதியும் எதிர்பார்த்ததைவிட விரைவாகச் சுழல்வது தெரிந்தது. கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் உண்டு என்னும் கொள்கைக்கு அது ஒரு பெருந்துணையாயிற்று.

2025 சனவரியில், ஹப்பிளின் பெயர் தாங்கிய விண்வெளித் தொலைநோக்காடி பத்தாண்டுகளுக்கு மேலாக எடுத்த ஏறத்தாழ 600 பகுதிப்படங்களை இணைத்து ஒரே படமாக வெளியிட்டனர். அதில் தனித்துத் தெரியும் விண்மீன்கள் 20 கோடிக்கும் மேல். இதனைக் கேட்டவுடன் நமக்கு இனி வேலை என்ன என்று தோன்றலாம். ஆனால் மார்செல் ட்ரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர், யான் செய்ன்டி என்னும் ஆர்வலர்கள், 100 மணி நேரத்துக்கு மேல் சிறு தொலைநோக்காடியில் சேர்த்த ஒளியில், ஆண்ட்ரோமெடாவின் பக்கத்தில் ஒரு நீண்ட நீல ஒளிவளைவைக் கண்டு, 2023-ல் அறிவித்தனர். இலட்சக்கணக்கானோர் படமெடுத்த இடத்தில் அதுவரை ஒருவர் கண்ணிலும் படாத பொருள் அது!

நமக்கு ஒரு முக்காலியும் சாதாரணக் கேமராவும் போதும். நீண்ட நேரம் ஒளி வாங்கும் வசதியுள்ள கைப்பேசியாயினும் தாழ்வில்லை. செங்கல்லின்மேல் சாய்த்து வைக்கலாம். கையால் பிடிக்கலாகாது. பொத்தானை அழுத்திச் சில வினாடி கழித்துப் படமெடுக்கும் வகையில் அமைத்துக் கொள்ளுங்கள். வானம் மணிக்கு 15 பாகை நகர்வதால், ஒரு படத்துக்கு 5 முதல் 10 வினாடிக்கு மேல் ஒளி விட்டால் விண்மீன்கள் கோடுகளாக இழுபடும். அதனால் சிறுசிறு படங்களாக நூறு எடுத்து, பின்னர்க் கணினியில் விண்மீன்மேல் விண்மீன் பொருந்துமாறு அடுக்க வேண்டும். படத்துக்குப் படம் மாறும் பொய்ப்புள்ளிகள் தேய்ந்து போகும். ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் விழுந்த உண்மை ஒளி மட்டும் நிலைக்கும்.

இதற்கும் இருள் வேண்டும். சிங்கப்பூர், கோலாலம்பூர் போன்ற நகரங்களின் நடுவிலிருந்து ஆண்ட்ரோமெடா வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. தோட்டப்புறங்களிலும் நெடுஞ்சாலை விளக்கும் செம்பனை ஆலை விளக்கும் புதுக் குடியிருப்பும் ஆண்டுதோறும் அடிவானை வெளுக்கச் செய்கின்றன. வடக்குப் பக்கம் இருண்டிருக்கும் திடலோ மேடோ எங்கே உள்ளதென்று பகலிலேயே பார்த்து வைத்துக் கொள்ளுதல் நலம்.

கண்ணுக்குத் தெரிவது கருப்பகுதி மட்டுமே. நல்ல படத்தில் திரளின் நீளம் ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்தது போல, ஏறத்தாழ 3 பாகை இருக்கும். உங்கள் படத்தில் கருவை ஒட்டி, விண்மீன்போலச் சற்றுப் பருத்த ஒரு புள்ளி தென்படுகிறதா என்று பாருங்கள். அது எம்32 என்னும் துணைத்திரள். 1749-ல் லெ ஜெந்தில் என்னும் பிரான்சு நாட்டவர் கண்டது. கருவின் மறுபக்கத்தில், இன்னும் மங்கலாக, நீள்வட்டமாய்க் கிடப்பது எம்110.