ஹார்லெம் தெருவில் எடுத்த படங்கள்

கேள்வி: டரன்டினோவின் 'ஜாக்கி பிரவுன்' பார்த்துவிட்டு, அதில் நடித்த பாம் கிரியரின் பழைய படங்களைத் தேடிப் போனேன். 'காஃபி', 'ஷாஃப்ட்', 'சூப்பர் ஃப்ளை' என்று 1970களின் பிளாக்ஸ்ப்ளாய்டேஷன் படங்கள் சிலவற்றைப் பார்த்தேன். கொக்கெய்ன் விற்பவன் கதாநாயகன். எங்கும் அடிதடி, ரத்தம். இருந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை. கறுப்பின மக்களைக் கேவலப்படுத்திய படங்கள் என்கிறார்கள் சிலர். அவர்களைத் தலைநிமிர வைத்தவை என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? கல்லூரியில் படிக்கும் மகனோடு எவற்றைப் பார்க்கலாம்?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: இரண்டு தரப்புக்கும் ஆதாரம் அந்தப் படங்களுக்குள்ளேயே இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தீர்ப்பு எழுதுவதில்தான் கோளாறு. படம் படமாகப் பாருங்கள். யார் காசில் எடுத்தார்கள், வசூல் யார் கைக்குப் போனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1960களின் கடைசியில் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் கடனில் தத்தளித்தன. வெள்ளையர்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்ததால் நகர மையத்திலிருந்த பெரிய தியேட்டர்களில் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. தியேட்டருக்குப் பக்கத்திலேயே வாழ்ந்த கறுப்பின ரசிகர்களுக்குத் திரையில் கிடைத்ததோ, குற்றமே செய்யாத, குரலை உயர்த்தாத நடிகர் சிட்னி பாய்ட்டியேயின் பாத்திரங்கள். அந்த நிலையில் 1971இல் மெல்வின் வான் பீபிள்ஸ், 'ஸ்வீட் ஸ்வீட்பேக்' படத்தைத் தானே எழுதி, இயக்கி, நடித்து, எடிட் செய்து, இசையமைத்து வெளியிட்டார். நடிகர் பில் காஸ்பி 50,000 டாலர் கடன் கொடுத்தார். முதலில் திரையிட ஒப்புக்கொண்டவை டெட்ராய்ட்டில் ஒன்று, அட்லாண்டாவில் ஒன்று, இரண்டே தியேட்டர்கள்தான். அந்தப் படத்தில் போலீஸை அடித்துவிட்டு ஓடும் கறுப்பின நாயகன் கடைசிவரை பிடிபடவே இல்லை. கோடிக்கணக்கில் வசூலானதும் ஸ்டுடியோக்களின் காது நிமிர்ந்தது. அதே ஆண்டில் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக கார்டன் பார்க்ஸ் இயக்கிய 'ஷாஃப்ட்' வந்தது. அதன் பாட்டுக்காக ஐசக் ஹேய்ஸ் ஆஸ்கர் வாங்கினார்.

நீங்கள் பார்த்தவற்றில் நான் நின்று பேச விரும்புவது 'சூப்பர் ஃப்ளை' (1972). இயக்கியவர் பார்க்ஸின் மகன், கார்டன் பார்க்ஸ் ஜூனியர். தொடக்கத்தில் தன்னிடம் வழிப்பறி செய்தவனைக் கதாநாயகன் பிரீஸ்ட் துரத்துகிறானே, அந்தக் காட்சியை மறுபடி ஓட விடுங்கள். கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடுகிறார்கள். சந்து, வேலி, குப்பை, இடிந்த சுவர், கடைசியில் குழந்தைகள் இருக்கும் ஒரு சின்ன வீட்டுக்குள்ளேயே போய் நிற்கிறது. நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெம் அப்போது எப்படிச் சிதைந்து கிடந்தது என்பதை இந்த ஒரு துரத்தலில் பார்த்துவிடலாம். செட் போடக் காசில்லாததால் கிடைத்த சொத்து இது. பெரிய ஸ்டுடியோ எடுத்திருந்தால் சுத்தமான ஒரு தெருவைக் கட்டி, விளக்கு போட்டுக் காட்டியிருக்கும்.

இந்தப் படத்தில் கர்ட்டிஸ் மேஃபீல்டின் இசையும் தனியாக ஒரு வழக்கு நடத்துகிறது. கொக்கெய்ன் கை மாறும் விதத்தை நிழற்படங்களாக அடுக்கிக் காட்டுகிறார்கள். ஏழை, பணக்காரன், கறுப்பர், வெள்ளையர் எல்லோரும் வாங்குகிறார்கள். பார்க்க அவ்வளவு பளபளப்பு. ஆனால் மேஃபீல்ட் எழுதிய வரிகளில் விற்பவனைப் பற்றிய பெருமிதம் இல்லை, அவனால் அழிந்தவர்களைப் பற்றிய துக்கம் இருக்கிறது. பிரீஸ்டிடம் வேலை செய்யும் ஃப்ரெடியின் சாவைப் பற்றிய பாட்டு படத்தில் வெறும் வாத்திய இசையாகத்தான் வருகிறது. வரிகளைக் கேட்க இசைத்தட்டுக்குத்தான் போக வேண்டும். அந்த இசைத்தட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. தியேட்டரில் பிரீஸ்டின் கோட்டைப் பார்த்து மயங்கியவர்கள் வீட்டுக்கு வந்து அந்தக் கண்டனத்தையும் கேட்டார்கள். அதனால்தான் இது போதைக்கு விளம்பரம் செய்த படம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

முடிவையும் கவனியுங்கள். போதை வியாபாரத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பவன் காவல்துறையின் வெள்ளைக்கார உயர் அதிகாரி. நியூயார்க் போலீஸின் லஞ்சத்தைத் தோண்டிய நேப் கமிஷன் 1971இல் பகிரங்க விசாரணை நடத்தியிருந்தது. அடுத்த ஆண்டு இந்தப் படத்தைப் பார்த்த ஹார்லெம்காரர்களுக்கு அது மிகைக் கற்பனையாகத் தெரிந்திருக்க முடியாது.

எதிர்ப்பும் நியாயமில்லாமல் வரவில்லை. 1972இல் என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமை அமைப்பின் ஹாலிவுட் கிளைத் தலைவர் ஜூனியஸ் கிரிஃபின்தான் 'பிளாக்ஸ்ப்ளாய்டேஷன்' (கறுப்பினரைச் சுரண்டுதல்) என்ற பெயரையே கண்டனமாகச் சூட்டினார். விற்பனை ருசி கண்ட தயாரிப்பாளர்கள் கூட்டிக்கொடுப்பவர், போதை வியாபாரி, பழிவாங்கும் பெண் என்று அச்சு வார்த்தார்கள். பல படங்களில் எழுத்து, இயக்கம், தயாரிப்பு எல்லாம் வெள்ளையர் கையில். 'ஷாஃப்ட்' கதையின் மூல நாவலாசிரியரே வெள்ளையர்தான். நகர மையத் தியேட்டரில் கறுப்பின ரசிகர் கொடுத்த டிக்கெட் காசில் பெரும்பங்கு அந்தத் தெருவை விட்டே போய்விட்டது. எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது. திரையில் காட்டிய துப்பாக்கியெல்லாம் இதற்கு அடுத்ததுதான்.

'காஃபி' (1973) இந்த முரணை முகத்தில் அறைவது போலக் காட்டும். இயக்கியவர் ஜாக் ஹில், வெள்ளையர். தங்கை போதையால் சீரழிந்ததற்கு ஒரு நர்ஸ் பழிவாங்கக் கிளம்புகிறாள். கேமரா அவள் உடலை விட்டு விலகுவதே இல்லை, எரிச்சலாக இருக்கும். ஆனால் தலைமுடிக்குள் பிளேடுகளைச் செருகி வைத்துக்கொண்டு, முடியைப் பிடித்தவளின் கை கிழிய நிற்கும் பாம் கிரியரைப் பாருங்கள். காதலனான அரசியல்வாதியின் துரோகம் தெரியும்போது அவர் முகத்தைப் பாருங்கள். அற்பமான படத்துக்குள் அற்பமில்லாத ஒரு நடிப்பு. அமெரிக்க சினிமாவில் ஒரு கறுப்பினப் பெண் தனியாளாக ஆக்‌ஷன் படத்தைத் தோளில் சுமந்தது அதற்கு முன் அநேகமாக நடக்காத காரியம்.

1970களின் நடுவில் அலை அடங்கியது. 'காட்ஃபாதர்', 'எக்ஸார்சிஸ்ட்' போன்ற படங்களுக்கும் கறுப்பின ரசிகர்கள் திரளாக வருகிறார்கள் என்று ஸ்டுடியோக்கள் கண்டுகொண்டன. இவர்களுக்கெனத் தனியாகப் படம் எடுப்பானேன் என்று கைகழுவிவிட்டன. கறுப்பினக் கலைஞர்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த வாய்ப்புகளும் அதோடு சுருங்கின. 'சூப்பர் ஃப்ளை'யின் ரான் ஓ'நீல் நாடக மேடையில் தேர்ந்த நடிகர். பிரீஸ்ட் என்ற அந்த ஒரு வேடத்திலிருந்து அவரை ஹாலிவுட் வெளியே வர விடவே இல்லை.

மகனோடு பார்க்க முதலில் 'அக்ராஸ் 110த் ஸ்ட்ரீட்' (1972). 'ஜாக்கி பிரவுன்' தொடங்கும்போது கேட்டீர்களே, பாபி வோமாக்கின் பாட்டு, அது இந்தப் படத்துடையது. மாஃபியா பணத்தைக் கொள்ளையடிக்கும் மூன்று பேர், நேர்மையான கறுப்பினப் போலீஸ்காரராக யாஃபெட் கோட்டோ, லஞ்சத்தில் ஊறிய முதிய அதிகாரியாக ஆன்டனி க்வின். வன்முறை கடுமையானது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடுத்து லாரி கோஹனின் 'பிளாக் சீசர்' (1973): குண்டடிபட்ட நாயகன் நியூயார்க் நடைபாதையில் தள்ளாடிப் போகும் காட்சியை அனுமதி வாங்காமலே எடுத்தார்கள், திரும்பிப் பார்ப்பவர்கள் நிஜமான வழிப்போக்கர்கள்.

ஐவன் டிக்ஸனின் 'தி ஸ்பூக் ஹூ சேட் பை தி டோர்' (1973) கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். சி.ஐ.ஏ.வில் பயிற்சி பெற்ற கறுப்பினர் ஒருவர் வேலையை விட்டு சிகாகோவுக்குத் திரும்பி, தெரு இளைஞர்களுக்கு அதே பயிற்சியைக் கொடுக்கிறார். கறுப்பின மேயர் இருந்த கேரி நகரத்தில்தான் பெரும்பாலும் படமாக்கினார்கள். வெளியான சில வாரங்களிலேயே தியேட்டர்களிலிருந்து மறைந்த இந்தப் படத்தை 2012இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

'ஸ்வீட் ஸ்வீட்பேக்' மட்டும் வேண்டாம். வரலாற்றில் அதன் இடம் பெரிதுதான். ஆனால் தொடக்கத்தில் ஒரு சிறுவனைப் பாலியல் காட்சியில் நடிக்க வைத்திருக்கிறார்கள். அதை எந்தக் காரணம் சொல்லியும் என்னால் நியாயப்படுத்த முடியாது. அந்தப் படத்தைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டால் போதும்.